8 மாதக் குழந்தை வாயைத் திறக்க மறுக்கிறாள்: பால் மறக்கடிக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் இருக்கிறோம். என் மகளுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. பிறக்கும்போது 2.8 கிலோ, 6 மாதத்தில் 6.9, போன வாரம் பார்த்தபோது 7.4. சோறு கொடுக்கத் தொடங்கிய புதிதில் ஆசையாகச் சாப்பிட்டாள். இப்போது நாலு ஸ்பூன் உள்ளே போனதும் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். போனில் பாட்டு ஓடினால்தான் கிண்ணம் காலியாகிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பால் கேட்கிறாள். நான் குளிக்கப் போனால்கூட ஒரே அழுகை. "பாலக் குடுத்து வயிறு நெறஞ்சு கெடக்கு, பின்ன எங்க சோறு இறங்கும்? பால மறக்கடி" என்கிறார் மாமி. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே வயது, 9 கிலோ இருக்கிறான். கணவர் துபாயில். மாமா ரப்பர் பால் வெட்டுக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அடுத்த மாதம் நான் மார்த்தாண்டத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். கஞ்சி, ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) மாவு, பிஸ்கட் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என்னதான் செய்வது?

பதில்: பால் மறக்கடிக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். அதற்காக யாராவது வேப்பெண்ணெய் எடுத்து வைத்திருந்தால் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். 2 வயது வரைக்கும், விருப்பமிருந்தால் அதற்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இந்த வயதில் உங்கள் மகளுக்குத் தேவையான சக்தியில் பாதிக்கு மேல் பாலிலிருந்துதான் வருகிறது. பாலை நிறுத்தினால் சோறு கூடுதலாக இறங்கும் என்பது தப்புக் கணக்கு. பாலும் போய், சோறும் இறங்காமல் எடை குறைந்து வரும் பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி எடை. முதல் 6 மாதத்தில் ஒரு பெண் குழந்தை சராசரியாக 4 கிலோ ஏறும். அடுத்த 6 மாதத்தில் ஏறுவதோ ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மாதத்துக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம். உங்கள் மகள் இரண்டு மாதத்தில் அரை கிலோ ஏறியிருக்கிறாள். 8 மாதப் பெண் குழந்தையின் சராசரி எடை 7.9 கிலோ, 6.3 வரைக்கும் இயல்பான அளவுக்குள்தான் வரும். 2.8 கிலோவில் பிறந்தவள் 7.4-க்கு வந்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள். ஆண் குழந்தைகளின் சராசரியே வேறு, இதே வயதில் 8.6 கிலோ. தாய் சேய் அட்டையில் எடைக்கோடு வரைய ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. உங்களிடம் இருக்கும் மூன்று எடைகளையும் அதில் குறித்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு மாமியிடம் காட்டுங்கள். நான் எழுதுவதைவிட அந்தக் கோடு நன்றாகப் பேசும்.

ஆனால் மாமி சொன்னதில் பாதி சரி. பால் குடித்த அரை மணி நேரத்துக்குள் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. பாலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள். தூங்கி எழுந்து, கொஞ்சம் விளையாடி, பசி எட்டிப் பார்க்கும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டு முடித்ததும் பால் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். 6 முதல் 8 மாதம் வரை ஒரு நாளைக்கு 2, 3 வேளை போதும். 9 மாதம் ஆனதும் 3, 4 வேளை, நடுவில் ஒன்றிரண்டு தடவை பழம் மாதிரி ஏதாவது.

"நாலு ஸ்பூன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாலு ஸ்பூன் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த வயதுக் குழந்தையின் வயிறு கிலோவுக்கு 30 மில்லி பிடிக்கும் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு 220 மில்லி, ஒரு டம்ளர் அளவு. அதைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறைந்துவிடும், சத்து ஏறாது. நம்ம ஊர் சம்பா அரிசிக் கஞ்சி அருமையான சாப்பாடு. ஆனால் பிள்ளைக்கு என்று வரும்போது பல வீடுகளில் சோற்றை விட்டுவிட்டு மேலே நிற்கும் தண்ணியை வடித்துக் கொடுக்கிறார்கள். திருப்பிப் போடுங்கள்: தண்ணியை விட்டுவிட்டுச் சோற்றை எடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் சாப்பாடு வழிந்து ஓடக் கூடாது, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். அந்தப் பதம்தான் கணக்கு. குழைந்த சோறு ஒரு பிடி, அதில் பாதி வெந்த சிறுபயறு, கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். எண்ணெயில் மட்டுமே 40 கலோரி இருக்கிறது. 8 மாதத்தில் சாப்பாட்டிலிருந்து வர வேண்டியது நாள் முழுக்கச் சேர்த்து 200 கலோரி என்று வைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயமில்லை.

மிக்சியையும் நிறுத்துங்கள். விரலால் நசுக்கிய சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். பல் இல்லையே என்பீர்கள். ஈறு போதும். கட்டியில்லாத கூழிலேயே 10 மாதம் வரை ஓட்டிய பிள்ளைகள் பிற்பாடு மெல்லுவதற்கு மிகவும் பாடுபடுத்துவார்கள். முதலில் சில நாள் குமட்டுவது போல 'ஓக்' என்று நாக்கைத் தள்ளுவாள். சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே சரியாகிவிடும். பயந்துபோய்த் தண்ணியைப் புகட்ட வேண்டாம்.

அடுத்தது இரும்புச்சத்து. இந்தக் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இதுதான், நீங்களோ இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை வயிற்றிலிருந்தே இரும்புச்சத்தைச் சேமித்துக் கொண்டு வரும். அந்தச் சேமிப்பு ஏறக்குறைய 6 மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. ஆக, இனி அது சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். நீங்கள் கொடுப்பதைப் பாருங்கள்: கஞ்சி, ஏத்தங்காய் மாவு, பிஸ்கட். ஏத்தங்காய் மாவு நம் பக்கத்துப் பழைய வழக்கம். செரிக்கும், வயிறு நிறையும், கெடுதல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான், அதை நம்பி மூன்று வேளையை ஓட்ட முடியாது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலையில் கொடுங்கள், போதும். பிஸ்கட் தேவையே இல்லை. கட்டன் சாயாவில் (பால் சேர்க்காத டீயில்) முக்கி ஊட்டும் வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். சாயா, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடம்பில் சேர விடாது.

கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்கு மீன் கொடுக்கத் தயங்குகிறோம். ஒரு வயது வரை மீனும் முட்டையும் ஆகாது என்பது பழைய பேச்சு. 6 மாதம் முடிந்ததிலிருந்தே இரண்டும் கொடுக்கலாம். தள்ளிப்போட்டால் அலர்ஜி வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. சாளை (மத்தி) மீனை மிளகாய் போடாமல் மஞ்சள் மட்டும் சேர்த்து வேகவைத்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு, சதையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளும் விரலுக்குத் தெரியும். அப்புறம் சோற்றோடு பிசையுங்கள். கருவாடு வேண்டாம், அவ்வளவும் உப்பு. சுறாவும் வேண்டாம், பாதரசம் சேரும் மீன் அது. முட்டை என்றால் நன்றாக வெந்த முட்டை, மஞ்சளும் வெள்ளையும். புதிதாக ஒன்று கொடுக்கும்போது பகலில், கொஞ்சமாக, இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பாருங்கள். சைவ நாட்களில் பயறும் முருங்கைக் கீரையும் இருக்கவே இருக்கிறது. கூடவே தக்காளி, கொய்யா, ஒரு சொட்டு எலுமிச்சை என்று ஏதாவது புளிப்பு சேர்ந்தால் அந்த இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும்.

கிராம சுகாதார செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் வாங்கினீர்களா? 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 1 மில்லி என்று அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பல வீடுகளில் அந்தப் புட்டி முத்திரை உடையாமல் அலமாரியில் இருக்கும். காரணம், கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்ற பயம். கறுப்பாகத்தான் போகும், ஒன்றும் ஆகாது.

மலத்தைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்காகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வாழைப்பழம் சாப்பிட்ட மறுநாள் மலத்தில் மெல்லிய கறுப்பு நூல்கள் தெரியும், அச்சு அசல் புழு மாதிரி. பழத்தின் நடுவில் இருக்கும் நார்தான் அது. மட்டிப்பழம் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், நம் மாவட்டத்தில் பிள்ளைக்கு முதல் பழம் அதுதானே. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தாராளமாகக் கொடுங்கள். நூலைப் பார்த்துப் பூச்சி மருந்து வாங்கிவிடாதீர்கள்.

கருப்பட்டி விஷயத்தில் மாமியோடு உங்களுக்குக் கொஞ்சம் பேச்சு வரும். சீனி வேண்டாம் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், கருப்பட்டி என்றால் "அது நல்லதுதானே" என்கிறார்கள். பெரியவர்கள் காப்பிக்கு அது நல்லதுதான். பிள்ளையின் நாக்குக்கு இரண்டும் ஒரே இனிப்பு. கூழுக்கு இனிப்பு பழகிவிட்டால் அப்புறம் சோற்றைத் துப்பும். சீனி, கருப்பட்டி இரண்டும் 2 வயது வரை வேண்டாம். உப்பை ஒரு வயது வரை சேர்க்காதீர்கள். தேன் ஒரு வயதுக்குள் ஒரு துளிகூட ஆகாது, அதில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். அங்கன்வாடி சத்துமாவு வாங்குகிறீர்கள் என்றால் அதில் ஏற்கெனவே வெல்லம் இருக்கிறது, மேலே எதுவும் போட வேண்டாம்.

சரி, போன். போனில் பாட்டு ஓடும்போது பிள்ளை சாப்பிடுகிறாள் என்பதைவிட, வாய் தன்னால் திறக்கிறது, நீங்கள் போடுகிறீர்கள் என்பதுதான் நடக்கிறது. என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்ற எதுவும் அவளுக்குப் பதிவாவதில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பாட்டு வேலை செய்யாது, வேறு பாட்டு வேண்டும். ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் சாப்பாடு குறையும், அந்த நாட்களுக்குப் பால் இருக்கிறது. தரையில் பாய் விரித்து, நீங்களும் தட்டோடு எதிரில் உட்காருங்கள். அவள் கையிலும் ஒரு ஸ்பூன், முன்னால் நாலு பருக்கை சோறு, ஒரு துண்டு மட்டிப்பழம். மேலெல்லாம் பூசிக்கொள்வாள், பூசட்டும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பாடு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் பாடு. தலையைத் திருப்பினால், வாயை மூடினால், ஸ்பூனைத் தட்டினால் அந்த வேளை முடிந்தது. மூக்கைப் பிடித்து, மடியில் அமுக்கிப் போட்டு ஊட்டுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து ஒரு பக்கம், கிண்ணத்தைக் கண்டாலே அழும் பழக்கம் இன்னொரு பக்கம். 20, 25 நிமிடத்துக்கு மேல் எந்த வேளையையும் இழுக்காதீர்கள்.

ராத்திரி எழுவதற்கும் பகல் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. 8 மாதக் குழந்தைக்குப் பகலில் பால் குடிக்க நேரமில்லை. கோழி கத்தினால் திரும்பும், மாமா செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பும். பகலில் விட்டதை ராத்திரி பிடிக்கும். அதனால் பகல் பாலை ஆள் நடமாட்டமில்லாத அறையில், கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்துப் பாருங்கள். ராத்திரி ஒன்றிரண்டு தடவை பாலுக்கு எழுவது இந்த வயதில் சாதாரணம். மற்ற தடவைகளில் உடனே தூக்காமல், விளக்கைப் போடாமல், முதுகில் தட்டிக் கொடுத்துப் பாருங்கள், பாதி நேரம் திரும்பத் தூங்கிவிடுவாள். விடியும் முன் மாமா கிளம்பும்போது குழந்தை படுத்திருக்கும் அறையில் விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அப்பா வேலை முடிந்து கூப்பிடும்போது இங்கே பத்தரை, பதினொன்று. தூங்கும் பிள்ளையை எழுப்பி முகம் காட்டும் வீடுகளை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. ஆனால் ஒருமுறை எழுப்பிவிட்ட பிள்ளை அதற்கப்புறம் அரை மணிக்கு ஒருமுறை எழுவாள். அவர் வேலைக்குக் கிளம்பும் முன், இங்கே காலை விளையாட்டு நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள். போன் கூடாது என்று மேலே சொன்னேனே, அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது அந்தக் கணக்கில் சேராது.

குளிக்கப் போனாலும் அழுவதைக் கெட்ட பழக்கம் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்திருக்கிறது. எங்கே, எப்போது வருவாள் என்பது இன்னும் தெரியாது. 8 மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை இது ஏறி இறங்கும். துண்டால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டு இதற்கு நல்ல பயிற்சி. வேலைக்குப் போகும்போது கண்ணை மறைத்து நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் கையசைத்து, "அம்மா போயிட்டு சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இன்றிலிருந்தே மதியச் சாப்பாட்டை மாமி கையில் விட்டுவிடுங்கள், நீங்கள் வேறு அறையில் இருங்கள். பல பிள்ளைகள் பாட்டியிடம் நன்றாகச் சாப்பிடுவார்கள். பால் வாடை அங்கே இல்லையே.

வேலைக்குப் போனாலும் காலையில், திரும்பி வந்ததும், ராத்திரி என்று பால் தொடரலாம். பகலுக்குப் பிழிந்து வைத்துவிட்டுப் போகலாம். நம் வெக்கையில் வெளியே வைக்காமல் பிரிட்ஜில் வையுங்கள், உள்பக்கமாக வைத்தால் 4 நாள் வரை இருக்கும். சட்டப்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. வீட்டுக்கு ஓடி வர முடியாவிட்டாலும் அந்த நேரத்தில் பால் பிழிந்து எடுக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மாமா ரப்பர் வெட்டுகிறார் என்றால் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் எங்கே இருக்கிறது? ஷீட் அடிக்கும் வீடுகளில் அது பழைய தண்ணி பாட்டிலில், கிணற்றடியிலோ புகைக்கூட்டுத் திண்ணையிலோ நிற்கும். இன்னும் ஓரிரு மாதத்தில் உங்கள் மகள் தவழ்ந்தோ நகர்ந்தோ எங்கும் போவாள், எதையும் பிடித்து எழுந்து நிற்பாள், கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான். ஆசிட்டை அதன் சொந்தக் கேனிலேயே வைத்து, பூட்டி, உயரத்தில் வையுங்கள். தப்பித் தவறி வாயில் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணி கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, கேனையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரியும் இதே மாதிரிதான், தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். நிலக்கடலை, முந்திரி, ரம்புட்டான் பழம் மூன்றையும் முழுசாகக் கையில் கொடுக்கவே கூடாது. இருமலும் அழுகையும் இல்லாமல் மூச்சுத் திணறினால் அதுதான் நிஜமான அடைப்பு. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கப் போட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

துபாயிலிருந்து வாக்கர் வருகிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீக்கிரம் நடக்க அது உதவாது, படியில் உருண்டு மண்டை உடைவதற்குத்தான் உதவும். கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள்.

பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், எரிச்சல் இருக்கும், ஒன்றிரண்டு நாள் சாப்பாடு குறையும். 100.4-க்கு மேல் காய்ச்சலோ, தண்ணியாகப் பேதியோ வந்தால் அதைப் பல்லின் தலையில் போடாமல் ஆஸ்பத்திரிக்குக் காட்டுங்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றாலும், 9 மாதம் முடிந்தும் பிடிக்காமல் உட்காரவில்லை என்றாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், உள்ளங்கை வெளுத்துத் தெரிந்தாலும் காத்திருக்காமல் வாருங்கள்.

9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ முதல் டோசும் உண்டு. அன்றைக்கே எடையும் பார்த்துவிடுவார்கள். அந்தப் புள்ளியையும் அட்டையில் குறித்து, பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை பக்கத்து வீட்டு எடை மெஷின் பக்கம் போகாதீர்கள்.